கொஞ்சம் வடக்கே திருப்புங்க: ஆன்டெனா கட்டியவனின் அனுபவங்கள்

உத்திரமேரூரில் டி.வி. விற்றவனுக்கு ஒரு நாள் வேலை. அதில் படம் வரவைத்தவனுக்கு வருஷம் பூராவும் வேலை.

நான் இரண்டாவது ஆள். எண்பதுகளில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மெட்ராஸ் ஸ்டேஷனின் படம் எங்கள் பக்கம் வந்து சேரும்போது குற்றுயிராகத்தான் வரும். மாடியில் இருபதடி, முப்பதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் மீன்முள் மாதிரி அலுமினியக் குச்சிகளைக் கட்டி, பூஸ்டர் என்று ஒரு சின்ன டப்பாவை மாட்டி, வடகிழக்கைப் பார்த்துத் திருப்பினால்தான் முகம் முகமாகத் தெரியும். திசை கொஞ்சம் தப்பினாலும் திரை முழுக்க அரிசி கொட்டினாற்போல் புள்ளி. மாடியில் நின்று "இப்பத் தெரியுதா?" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களும், உள்ளேயிருந்து "போச்சு, போச்சு, முன்னாடி இருந்ததே தேவல" என்று பதில் கத்தியவர்களும் என் சொந்தக்காரர்கள்தான். நாமெல்லாம் ஒரே காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

என்னோடு வேலை செய்தவர் தேவராஜ். என்னைவிட இரண்டு வயது பெரியவர். நடவும் அறுப்பும் இருக்கும் நாளில் வயல்வேலை, இல்லாத நாளில் என்னோடு. கம்பத்தின் உச்சியில் காலைப் பின்னிக்கொண்டு இரண்டு கையாலும் நட்டு முடுக்குவார். எனக்கு மொட்டை மாடிவரை பரவாயில்லை. அதற்குமேல் ஏறச் சொன்னால் ஏணியைப் பிடித்துக்கொள்ளத்தான் வருவேன். அவருக்கு உயரம், எனக்கு ஒயர். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு மெக்கானிக்.

காற்று கட்டியது

தேவராஜ் வந்து சேர்வதற்கு முன்னால் நான் தனியாகக் கட்டிய முதல் ஆன்டெனா, நெல் வியாபாரி ஏகாம்பரம் வீட்டில். ஆன்டெனாவில் நீளக் குச்சி பின்னால் இருக்க வேண்டும், குட்டைக் குச்சிகள் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருந்த படத்தை நான் தலைகீழாகப் பிடித்துப் படித்தேனோ என்னவோ, நீளக் குச்சியை மெட்ராஸுக்குக் காட்டிக் கட்டிவிட்டேன். பாலில் முக்கி எடுத்த மாதிரி மனிதர்கள் நடமாடினார்கள். "தூரம் ஜாஸ்தி சார். இதுக்குமேல வராது" என்று அடித்துச் சொன்னேன். அவரும் நம்பினார். இரண்டு மாசம் குடும்பத்தோடு அந்த மூட்டத்தையே பார்த்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் பலமான காற்று. மறுநாள் சைக்கிளில் ஆள் வந்துவிட்டான், உடனே வரச் சொன்னார் என்று. ஆன்டெனா விழுந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்திருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து டி.வி.யைப் போட்டார். செய்தி வாசித்த அம்மாவின் கழுத்து மணியை எண்ணலாம் போல அவ்வளவு துல்லியம். ஒன்றும் புரியாமல் மாடிக்கு ஓடினேன். கம்பத்தின் அடி நட்டு தளர்ந்து, ஆன்டெனா கம்பத்தோடு அரைவட்டம் சுற்றி, குட்டைக் குச்சிகள் ஒழுங்காக வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. காதும் காதும் வைத்தாற்போல் நட்டை முடுக்கிவிட்டு இறங்கினேன். "சும்மா கொஞ்சம் டைட் பண்ணேன் சார்" என்றேன். ஏகாம்பரம் வெற்றிலையை மடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையிலேயே தெரிந்தது, எனக்கு முன்னால் அவர் மாடிக்குப் போய் வந்துவிட்டார் என்று.

"தம்பி, நீ ரெண்டு நாளு ஏறி எறங்கி கட்டுனதவிட காத்து ஒரே நாள்ல நல்லா கட்டிக்கீது. அடுத்த தபா காத்தையே கூப்ட்டுக்குறேன்."

யார் கண்?

மானாம்பதியில் முனுசாமி புதிதாக மாடிவீடு கட்டி, புது டி.வி.யும் வாங்கியிருந்தார். மெட்ராஸ் இங்கிருந்து ஈசானிய மூலையில் இருக்கிறது என்று நான் சொன்னதும் அவருக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. சாமி மூலையிலிருந்து படம் வருகிறது என்றால் சும்மாவா? நல்ல நேரம் வரும்வரை கம்பத்தை நடவிடவில்லை. நானும் தேவராஜும் முக்கால் மணி நேரம் முப்பதடி குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு கற்பூரம், தேங்காய், கம்பத்துக்குச் சந்தனப் பொட்டு. படமும் பளிச்சென்று வந்தது.

ஒரே வாரத்தில் மனிதர் பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். "படம் பூரா புள்ளியா கீதுப்பா. ரொம்ப பேஜாராப் போச்சு." போய்ப் பார்த்தோம். மாடியில் ஆன்டெனா ஒரு பக்கம் தொங்கிப்போய், நொண்டிக் கொக்கு மாதிரி நின்றது. அதன் நுனியில் மீசை வைத்த பெரிய பூசணிக்காய் ஒன்று, நாக்கைத் துருத்திக்கொண்டு ஊரையே முறைத்துக்கொண்டிருந்தது. ஏணி போட்டு மச்சானை ஏற்றிக் கட்டச் சொன்னாராம். தேவராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறி அவிழ்த்தார். படம் திரும்பி வந்தது. இந்தக் கனத்தை அந்தக் குச்சி தாங்காது, ஆன்டெனா குனிந்துவிட்டால் படம் போய்விடும் என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முனுசாமி பூசணிக்காயைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கண்ணு பட்டா படம் போயிடும்னுதான்யா கட்டுனேன். கட்டுனதாலதான் படம் போச்சுன்றியே, அப்போ இன்னா, பூசணிக்கா கண்ணே பட்டுச்சா?"

விசில்

பெருநகரில் ஒரு பஸ் கண்டக்டர் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். டி.வி. பின்கட்டில், ஆன்டெனா வாசல் பக்கத்து மாடியில். அவர் உள்ளேயிருந்து சொல்வது எனக்குக் கேட்காது. நடுவில் முற்றத்தில் யாராவது நின்று செய்தியைக் கடத்த வேண்டும். வீட்டில் அவர் மனைவியைத் தவிர யாருமில்லை. "அம்மா, நீங்க நடுவுல நின்னு, தெரியுதான்னு அவர கேளுங்க" என்றேன். அவர் முற்றத்துக்கு வந்து நின்றார், ஆனால் கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அதற்குள் பின்கட்டிலிருந்து இரண்டு விசில் வந்தது. திருப்பினேன். ஒற்றை விசில் வந்தது. நிறுத்தினேன்.

என்னோடு கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தேவராஜ் குனிந்து சொன்னார்: "ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல போல கீது." அதேதான். ஏதோ ஒரு வளைகாப்புக்குக் கண்டக்டரை விட்டுவிட்டு மனைவி மட்டும் போய்விட்டு வந்ததில் ஆரம்பித்து ஒரு மாசமாக மௌனம் என்று பிறகு தெரிந்தது. விசிலை வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்று கண்டக்டர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் முகம் தெரிகிறது, குரல் வரவில்லை என்பதற்கு பஸ்ஸில் விசில் கிடையாதே! நீள விசில், குட்டை விசில், நடுங்குகிற விசில் என்று என்னென்னவோ ஊதிப் பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் முற்றத்துக் கதவருகே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "மூஞ்சி வருது, சத்தம் வரலன்னு சொல்லு" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "மூஞ்சி வருதாம், சத்தம் வரலியாம்" என்றார். அடுத்த முறை சுவர் போய்விட்டது, மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அதற்கடுத்து "சொல்லு"வும் போய்விட்டது. கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து, "ஏய், வந்துட்சி! ஓடியா, நீயே வந்து பாரு!" என்று ஒரே கூச்சல். அந்த அம்மாள் ஓடினார். சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்டது.

நான் ஸ்பேனரைப் பையில் போடும்போது அந்த அம்மாள் மறுபடி முற்றத்துக்கு வந்து, மேலே பார்த்து, ரகசியமாகச் சொன்னார்:

"அந்த மன்சன் ஒரு மாசம் கழிச்சி இன்னிக்குத்தான் வாயத் தொறந்து கீது. அவசரப்படாதீங்கண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் திருப்பிக்கினே இருங்க."

கோடும் மாவும்

உத்திரமேரூரிலேயே ஒரு கணக்கு வாத்தியார். குடும்பம் சொந்த ஊரில். இவர் மட்டும் ஓர் அறை எடுத்து, ஒரு டி.வி.யும் வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் செய்தி நேரத்தில் திரையில் குறுக்கே இரண்டு பட்டைக் கோடு ஓடும். பூஸ்டரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், தேவராஜை மூன்று தரம் கம்பத்தில் ஏற்றி இறக்கினேன். கோடு அசையவில்லை. சலித்துப்போய்ப் பக்கத்து எல்லம்மா இட்லிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எல்லம்மா மாவு அள்ளுவதற்காக கிரைண்டரை நிறுத்தினார். "வந்துடுச்சு!" என்று வாத்தியார் அறையிலிருந்து கத்தினார். எல்லம்மா திரும்ப கிரைண்டரைப் போட்டார். "போச்சு!" நானும் தேவராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிரைண்டர் மோட்டாரில் பொறி பறந்துகொண்டிருந்தது.

பொறியை அடக்க மோட்டாரில் ஒரு கண்டென்சர் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு ஒன்றானது, அதற்குமேல் குறையவில்லை. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இட்லிக் கடைக்கு வந்து, செய்தி முடிந்த பிறகு மாவரைத்தால் என்ன என்று சட்டம் பேசினார். எல்லம்மா கையிலிருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"வாத்தியாரே, நான் இப்போ அரைச்சாத்தான் காலைல மாவு பொங்கும். உங்களுக்கு விடிஞ்சதும் நாலு இட்லி வோணுமா, கோடு இல்லாத செய்தி வோணுமா? ரெண்டுல ஒண்ண சொல்லிட்டுப் போங்க."

டி.வி. வரும்

ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கன்னியப்பன் என்று ஒருவர் வந்தார். "ஆன்டெனா மட்டும் கட்டணும்" என்றார். டி.வி. எங்கே என்றேன். "அது வரும். நீ மொதல்ல கம்பத்த நடு." கிளறினால் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டு மாடியில் ஆன்டெனா நிற்பதைத் தரகர் பார்த்திருக்கிறார். "நம்ம கூரை மொட்டையா இருந்தா மதிக்க மாட்டாங்க நைனா." எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. கம்பம் நட்டோம். ஒயரை உள்ளே கொண்டுபோய், அரிசிப் பெட்டிமேல் பூப்போட்ட துணி விரித்து, அதற்குப் பின்னால் விட்டோம். கேட்டால் டி.வி. ரிப்பேருக்கு என் கடைக்குப் போயிருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு. கல்யாணப் பெண் லட்சுமி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்ணா, பொய் சொல்றதுக்கு இவ்ளோ ஒசரமா கம்பம் வோணுமா?" என்று கேட்டாள். நான் காது கேட்காத மாதிரி ஒயரைச் சுற்றினேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு இளைஞர் வந்தார். நடவு வயலில் இருந்து நேராக வந்தவர்போல முழங்கால்வரை சேறு. கன்னியப்பன் வீட்டு டி.வி. ரெடியா என்று கேட்டார். மாப்பிள்ளை! அந்த ரிப்பேர் கதையை வேறு யாரிடம் சொல்லியிருப்பார்கள்? "பார்ட்ஸ் வரணும்" என்றேன். எந்த பார்ட்ஸ் என்றார். "படக்குழாய்" என்றேன். எங்கிருந்து வரணும் என்றார். "மெட்ராஸ்ல இருந்து" என்றேன். அவர் கடகடவென்று சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சிரமப்படாதீங்கண்ணா. அன்னிக்கு காபி குடுக்க வந்தப்பவே அந்தப் பொண்ணு எங்கம்மா காதுல சொல்லிடுச்சி, டி.வி. கிடையாதுன்னு. எங்கம்மாவுக்கு அப்பதான் மூச்சே வந்துது. எங்க வூட்லயும் கம்பம் மட்டுந்தான் கீது."

கூடு

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவரின் வீட்டு ஆன்டெனாவில் காக்கா கூடு கட்டியது. வெறும் சுள்ளியில் கட்டியிருந்தால் தொந்தரவில்லை. எங்கிருந்தோ கட்டுக்கம்பித் துண்டுகளாகப் பொறுக்கிவந்து கட்டியிருந்தது. கம்பி ஆன்டெனாமேல் பட்டுப்பட்டுப் படம் பாதியாகக் கிழிந்தது. கலைத்துவிடச் சொல்லி கம்பவுண்டர் கூப்பிட்டனுப்பினார். தேவராஜ் ஏறிப் பார்த்துவிட்டு, மூன்று முட்டை இருக்கிறது என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். கம்பவுண்டர், "தூக்கிப் போடுப்பா, ஞாயித்துக்கிழம படம் இருக்குது" என்றார். அவர் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், ஈரத்துணியோடு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மாசம் அந்த வீட்டில் டி.வி.யே போடவில்லை. குஞ்சு பறந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்ட அன்றைக்கு அந்த அம்மாள் கணவரிடம் சொன்னது இதுதான்:

"படம் அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரும். நீங்கதான் டெலிவரி வார்டுல இருக்கீங்களே, பாதியில எந்திரிச்சிப் போன்னு யாரையாவது சொல்லுவீங்களா?"

எங்க மலை

சில மாசங்களில் காற்றுக்கு என்ன ஆகுமோ, எங்கோ தூரத்து ஸ்டேஷன் எல்லாம் தவறிப்போய் எங்கள் பக்கம் வந்துவிடும். தை மாசம், மானாம்பதியில் ஒரு பெரிய விவசாயி வீடு. மெட்ராஸ் நாடகத்தில் ஒருவர் பேசும்போது அவர் முகத்தின்மேல் வேறொரு முகம் வழுக்கிக்கொண்டு போகிறது, புரியாத பாஷையில் குரல் வருகிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். அது இலங்கை ஸ்டேஷனாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக மாடியில் நின்று கம்பத்தைத் தெற்கே திருப்பினேன். கீழே, "ஐயோ, மெட்ராஸ் பூராவும் போயி அதுதான் பளிச்சினு வருது" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களில் செல்லம்மா என்று ஒரு பெண். தேயிலைத் தோட்டத்திலிருந்து புருஷனோடு வந்து அந்தப் பக்கம் குடியேறியவர். ஊரில் 'சிலோன்காரி' என்பார்கள். அதற்குமேல் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. முறத்தைப் போட்டுவிட்டு அவர் ஜன்னலருகே வந்து நின்றாராம். "அது சிங்களம்மா. செய்தி வாசிக்கிறாங்க" என்றாராம். உனக்குப் புரிகிறதா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்க, "தோட்டத்துக் கடையில அதானே பேசுவாங்க" என்று சொல்லி, வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். வீடே அவரைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் நான் மேலேயிருந்து, "பழையபடி மெட்ராஸுக்கே திருப்பிடட்டுமா?" என்று கத்தினேன். செல்லம்மா களத்துக்கு ஓடிவந்து, நெல் தூசி படிந்த முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, திருப்பாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க. எங்க மலையில மழை பெய்யுதாம்."

கழுத்து வலி

தேவராஜின் ஊரில் பஞ்சாயத்து டி.வி. ஒன்று இருந்தது. ஊர்த் தெருவில், பஞ்சாயத்துக் கட்டடத்து ஜன்னலில் வைத்துப் போடுவார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் பாய் விரித்து உட்காருவார்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் பின்னால் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். நிற்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உட்காரச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. அந்த டி.வி.க்குக் கம்பம் ஏறி ஆன்டெனா கட்டியவரே தேவராஜ்தான். படம் வந்ததும் இறங்கிப் போய் வேலியோரம் நின்றுகொண்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து காபி குடித்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

ஐந்தாறு வருஷம் அப்படியே போனது. பிறகு காலனியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கினார்கள். பால்வாடிக் கட்டடத்தில் வைத்தார்கள். ஆன்டெனாவை தேவராஜே செய்தார். என் கடையில் கழித்துப் போட்ட குச்சிகளை எடுத்துப் போய், கயிறு வைத்து அளந்து, வழக்கத்தைவிட இரண்டு குச்சி கூடுதலாகப் பூட்டினார். ஒயர் சேர்த்தது மட்டும் நான். காலனி ஊரின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் வடகிழக்கே ஏரித் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. மரமில்லை, மில் புகைபோக்கி இல்லை, வானம் திறந்து கிடந்தது. டி.வி.யைப் போட்டதும் நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் கட்டிய எந்த ஆன்டெனாவிலும் அப்படி ஒரு படம் வந்ததில்லை. தேவராஜ் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காற்றில் பஞ்சாயத்து ஆன்டெனா முறிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. நான் காலனியில் தேவராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தொலைந்த மாட்டைத் தேடி வந்தவர்கள் மாதிரி ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்றார்கள். தேவராஜ் குடும்பம் எவர் வயலில் வேலை செய்ததோ அந்தப் பெரியவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "நிக்கட்டுமே. நாம நிக்கல?" என்றது ஒரு குரல்.  தேவராஜின் அண்ணி அன்னம்மா எழுந்தார். மூலையிலிருந்த கோரைப்பாயை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், உதறி விரித்தார். அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் மட்டும் திரும்பிப் போனார்கள். மற்றவர்களை நகரவைத்தது, பாயை விரித்துவிட்டு அன்னம்மா சொன்ன இந்த வார்த்தைதான்:

"இன்னாத்துக்கு அங்கியே நிக்கிறீங்க? நின்னுக்கினு பாத்தா கழுத்து வலிக்கும், எங்களுக்குத் தெரியும். வந்து குந்துங்க."

எங்கள் வீடு

எங்கள் வீட்டு ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனைவி சரோஜா விடமாட்டாள். ஊரில் மிச்சமான குழாய், வளைந்த குச்சி, ஒட்டுப்போட்ட பட்டை ஒயர் எல்லாம் சேர்ந்தால் எங்கள் வீட்டு ஆன்டெனா. படம் சுமாராகத்தான் வரும். ஆனால் ஒரு நாள் ஜன்னலைத் துடைக்கும்போது சரோஜா ஒன்று கண்டுபிடித்தாள். ஒயரை ஓரிடத்தில் கையால் பிடித்துக்கொண்டால் படம் பளிச்சென்று ஆகிவிடுகிறது, விட்டால் போய்விடுகிறது. மனிதர் உடம்பும் ஒயரோடு சேர்ந்து ஆன்டெனா மாதிரி வேலை செய்யும் என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம்தான் சொன்னேனே தவிர, ஒயரை மாற்றவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். அந்த வருஷம் பூராவும் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். அவள் ஜன்னலோரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் போடப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். சரோஜா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, டி.வி.க்கு நேர் எதிரே என் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணத்தில் வறுத்த வேர்க்கடலை. ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஊரான் வூட்டுக்கெல்லாம் மாடி மாடியா ஏறி நிக்கிறீங்க இல்ல? இன்னிக்கு நம்ம வூட்ல இந்த ஒயர புடிச்சிக்கினு நில்லுங்க. படம் முடியறவரைக்கும் கைய எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்குப் படம் வரவைத்திருக்கிறேன், ஆனால் அந்த வீடுகளில் ஓடிய படம் ஒன்றையாவது தொடக்கம் முதல் கடைசிவரை பார்த்தாயா என்று கேட்டால், எனக்கு முழுசாகத் தெரிந்ததெல்லாம் அதைப் பார்த்தவர்களைத்தான்.